பத்து நிமிடக் கதவு

1

ஒவ்வொரு பருவத்திலும் ஒன்பதாவது வாரம் எனக்கு ஒரு பட்டியல் மின்னஞ்சலில் வந்து சேரும். எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் மூன்று ஆய்வக வகுப்புகளைத் தவறவிட்ட மாணவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். நான் ஆய்வக ஒருங்கிணைப்பாளர். அவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் ஒரு கடிதத்தை அனுப்புவது என் வேலை. கடிதம் தயாராகவே இருக்கிறது, பெயரை மாற்றினால் போதும். இதுவரை எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு முறைகூட வருந்தியதில்லை.

இந்த முறை ஐந்து பெயர்கள். நான்காவது பெயர் என் மகள் யாழினியுடையது.

கனடாவில் நாங்கள் இருப்பது எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான நிலம் தெரியும் ஒரு ஊர். வருஷத்தில் ஐந்து மாதம் பனி. ஆய்வகம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். ஒன்பது பத்துக்குக் கதவைச் சாத்திவிடுவோம். அதற்குப் பிறகு வருபவருக்கு அன்றைய சோதனைக்குப் பூஜ்யம். மூன்று பூஜ்யம் சேர்ந்தால் ஆய்வகத்தில் தோல்வி. ஆய்வகத்தில் தோற்றால் எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அந்தப் பாடமே தோல்வி. யாழினி நர்ஸிங் படிப்பில் சேர இந்த ஒரு பாடம் கட்டாயம். இப்போது விட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

இதையெல்லாம் யார் வகுத்தார்கள் என்று பார்க்க, பாடத்தின் மதிப்பெண் விதிகள் அச்சிட்ட தாளைக் கையில் எடுத்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசிப் பக்கத்தில் என் பெயர்தான் இருக்கிறது.

2

நான் இந்தத் துறையில் சேர்ந்தபோது இங்கே தாமதமாக வருபவர்களுக்கென்று விதி எதுவும் கிடையாது. மாணவர்கள் காப்பிக் கோப்பையோடு ஒன்பதே காலுக்கு வருவார்கள், ஒன்பதரைக்கும் வருவார்கள். "பஸ் லேட்" என்று ஒரு சிரிப்பு. ஆசிரியரும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துறைத் தலைவி டோனா புதிதாக வந்த என்னிடம், ஆய்வக மதிப்பெண் விதிகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தர முடியுமா என்று கேட்டாள். ஒரே மாலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு வேகமாக எப்படி எழுதினாய் என்று வியந்தாள். எனக்கு ஒரே பெருமை.

அப்போது என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கே நடுக்கம் இருந்த காலம். விளக்கம் முடிந்ததும் ஊர் வழக்கப்படி "எனி டவுட்ஸ்?" என்று கேட்பேன். இங்கே 'டவுட்' என்றால் கேள்வி இல்லை, அவநம்பிக்கை; தான் சொல்வதையே இந்தப் பெண் நம்பவில்லையோ என்று மாணவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பேச்சில் சறுக்கிக்கொண்டே இருக்கிற ஆளுக்கு எழுதி வைத்த விதி பெரிய பிடிமானம். தாளைக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம்.

உண்மையில் நான் எதையும் புதிதாக எழுதவில்லை. பத்து நிமிடம், மூடிய கதவு, மூன்று முறை என்பதெல்லாம் தண்டையார்பேட்டைப் பக்கம் நான் படித்த கல்லூரியின் விதிகள். திருவொற்றியூரிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டியில் வைத்துக் கட்டிய மாவடு விமான நிலையத்தில் கசிந்து, அதைக் குப்பையில் போட வேண்டியதாகிவிட்டது. விதி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

3

ஸ்டெல்லாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பி.எஸ்ஸி.யில் என் பக்கத்து மேஜை. எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். எங்கள் வகுப்பில் அவளைப் போலக் கை நேர்த்தி யாருக்கும் கிடையாது. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்துவாள். நாங்கள் எல்லாம் இரண்டு சொட்டு தாண்டிப்போய் அசடு வழிவோம்.

அவளுக்கு ஒரே எதிரி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் சாலையில் அவை வரிசை கட்டி நின்றுவிட்டால் பஸ் நகராது. சில நாள் இறங்கி ஓடியே வருவாள். முதல் ஆண்டிலேயே இரண்டு முறை கதவு சாத்திய பிறகு வந்து சேர்ந்தாள். இன்னொரு முறை ஆனால் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி இல்லை என்று மரகதம் மேடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மேடம் கெட்டவர் இல்லை. அவர் அறையின் சுவரில் விதி ஒட்டியிருந்தது, அவரும் அதன்படி நடந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை வந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று பெர்மாங்கனேட் சோதனை. நாங்கள் ஆளுக்கு ஒரு குடுவையைக் கழுவி, வரிசை எண்ணைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குடுவையிலும் வேறு வேறு அளவு கரைசலை அட்டெண்டர் ஊற்றித் தருவார். எந்த எண்ணுக்கு எவ்வளவு என்பது மேடத்தின் நோட்டில் இருக்கும், எங்களுக்குத் தெரியாது. சோதனை செய்து அந்த அளவை நாம் கண்டுபிடிக்க வேண்டும். சரியான அளவுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண்.

மணி ஒன்பது பத்து ஆகியும் ஸ்டெல்லாவைக் காணோம். நான் இரண்டு குடுவைகளோடு வரிசையில் நின்றேன். ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. அட்டெண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டிலும் ஊற்றினார். பெயர் கூப்பிடும்போது குனிந்துகொண்டு அவளுக்கும் "பிரசன்ட் மேடம்" சொன்னேன். அவள் மேஜைக்கும் என் மேஜைக்கும் மாறி மாறிப் போய் இரண்டு சோதனைகளையும் செய்து முடித்தேன். என் வாழ்நாளிலேயே நான் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததில்லை. ஒரு சொட்டுகூடத் தாண்டவில்லை.

ஆனால் கரைசலை வாங்கி வந்த பிறகு, குடுவைகளைக் கழுவிய ஈரத்தில் எண் ஒட்டிய தாள் இரண்டும் கழன்று விழுந்திருந்தன. எடுத்து மறுபடி ஒட்டியவள், மாற்றி ஒட்டியிருக்கிறேன். என் எண்ணுக்கு அவளுடைய அளவு, அவள் எண்ணுக்கு என்னுடைய அளவு. இரண்டும் தசமப் புள்ளி வரை மிகச் சரி. இரண்டும் இடம் மாறி.

மேடம் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே கைதான் செஞ்சிருக்கு. யார் அது?" என்றார்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே ஸ்டெல்லா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. மேடம் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் மேடம் செய்யச் சொன்னேன். நேத்தே சொல்லிட்டேன். கலா மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் உயிர எடுத்தேன்."

அத்தனையும் பொய். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. நான் தலை குனிந்து பியூரெட்டின் திருகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் கிடைத்த தண்டனை, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது. அவளுக்கு அந்த வருஷச் செய்முறைத் தேர்வு போயிற்று. அதை எழுதி முடித்துப் பட்டம் வாங்க ஒரு வருஷம் கூடுதலாக ஆயிற்று. நான் எம்.எஸ்ஸி. போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், விமானம் ஏறினேன். அவள் மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். பிறந்த நாள், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஒன்று விடாமல் எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

4

பட்டியல் வந்த அன்று வீட்டுக்குப் போனேன். யாழினி சமையலறை மேஜையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லிஸ்ட் வந்துடுச்சு" என்றேன்.

"தெரியும்மா." தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து அவள் என் காரில் வருவதில்லை. என்னோடு வந்து இறங்கினால் ஒருங்கிணைப்பாளரின் மகள் என்று பார்க்கிறார்களாம். இரண்டு பஸ் மாறி வருகிறாள். பனி கொட்டும் நாளில் முதல் பஸ் தாமதித்தால் இரண்டாவது போய்விடும். அப்படி இரண்டு முறை. அதற்கு முன் ஒரு முறை காய்ச்சல். அன்று நான்தான் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அவளுக்கு அன்று ஆய்வகம் என்பதே எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கடிதம் வாங்கியிருந்தால் அந்தப் பூஜ்யம் நீங்கியிருக்கும். கிளினிக்கில் அவள் முறை வர மதியத்துக்கு மேல் ஆகும் என்றார்களாம். காய்ச்சல்காரி போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். மருத்துவச் சான்று என்ற அந்த வரியையும் எழுதியது நான்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? ரூல் உன்னோடதுதானே. எனக்காக மாத்தாத, ப்ளீஸ். ரொம்ப எம்பாரசிங்கா இருக்கும்."

"நர்ஸிங் சீட்டு போயிடுமேடி."

"அடுத்த வருஷம் ட்ரை பண்றேன். இட்ஸ் ஃபேர்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நியாயம்தான் என்று அவள் சொன்னதுதான் தாங்கவில்லை. சின்ன வயதில் கதை கேட்க என் மடியை விட்டு இறங்காத பெண், இப்போது என் விதிக்குக் கீழே வேறு யார் வீட்டுப் பெண்ணோ போல நின்றாள். நானும் அம்மாவாகப் பேசுவதா அதிகாரியாகப் பேசுவதா என்று தெரியாமல், அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

5

சனிக்கிழமை காலை ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அங்கே மாலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பின்னால் மீன் வறுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"இன்னாடி கலா, அதிசயமா கீது? வாய்ஸ் மெசேஜுக்கே பதில் போட மாட்ட, நீயா கூப்ட்டுகினு கீற! வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?"

இருபது வருஷத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். முதலில் யாழினி விஷயம், அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. நான் அன்று பேசியிருக்க வேண்டும், செய்தது நான்தான், நீ ஒன்றும் சொல்லவில்லை என்று மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தோ பாரு, அழுவாத. நீ வாயத் தொறந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ரெண்டு பேரும் காலி. எனக்குப் பூட்டது பூட்டதுதான். ஒருத்தியாவது போவட்டுமேன்னுதான் சொன்னேன். அத இன்னாத்துக்கு இப்போ கிளறிகினு கீற?"

"உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

அடுப்பை அணைத்திருக்க வேண்டும், வறுக்கிற சத்தம் நின்றது.

"இருந்துச்சு. ஒரு ரெண்டு வருஷம் இருந்துச்சு. ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல. எனக்கு இன்னா பேஜாருன்னா, நான் வெளில நின்னுகினு கண்ணாடி வழியா பாத்துகினே இருந்தேன். என் டேபிளு, என் பியூரெட்டு. நீ பண்ணிகினு கீற. எனக்குக் கையி பரபரன்னுது. நானே பண்ணியிருப்பேனே கலா. லாரி வுட்டிருந்தா நானே பண்ணியிருப்பேன். இப்போ மணலில டெய்லி அதே வேலதான் பாக்கறேன், கண்ண மூடிகினு பண்ணுவேன். அது ஒண்ணு மட்டும் நான் பண்ணல. மேடம் மட்டும் 'வாடி, சனிக்கெழம வந்து இத்த செஞ்சிட்டுப் போ'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னா கொறஞ்சு பூட்டிருக்கும் அவங்களுக்கு?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உம் பொண்ணு இன்னா சொல்றா?"

"நியாயம்தான்னு சொல்றா."

"அய்ய, அது சொல்லும். அது உம் பொண்ணு. லிஸ்ட்ல இன்னும் நாலு பேரு கீறாங்கன்னியே, அவங்கள கேட்டியா?"

கேட்கவில்லை. பட்டியலைத் திறந்து மகளின் பெயரைப் பார்த்த பிறகு, மற்ற நான்கு பெயர்களை நான் படிக்கக்கூட இல்லை.

6

அன்றே படித்தேன். திங்கட்கிழமை நால்வரையும் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு பெண் தன் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறாள், காப்பகம் திறப்பதே ஒன்பதுக்கு. ஒருவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வருகிறார். ஒருவருக்குக் குளிரில் கார் உறைந்து கிளம்பவில்லை. ஒருவர் மட்டும் தூங்கிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். அவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

டோனாவிடம் போய், பட்டியலில் ஒருத்தி என் மகள், இதில் நான் முடிவெடுக்கக் கூடாது, ஆனால் துறைக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றேன். கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த விதி எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். கன்டெய்னர் லாரியில் தொடங்கி, கழன்று விழுந்த எண் தாள் வரைக்கும். ஆங்கிலத்தில் எங்கெங்கோ தடுக்கினேன், இந்த முறை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாதுகாப்பு விளக்கத்தைக் கேட்காதவர் அமிலத்தைத் தொடக் கூடாது என்பது சரிதான், அது இருக்கட்டும். ஆனால் தவறிய சோதனையைச் செய்ய ஒரு நாள் வேண்டும். தாமதத்துக்கு மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். சோதனையையே பிடுங்கிக்கொள்ள வேண்டாம். அடுத்த பருவத்திலிருந்து இப்படி மாற்றுங்கள் என்று முடித்தேன்.

"அடுத்த பருவம் ஏன்? இந்த ஐந்து பேர் என்ன பாவம் செய்தார்கள்?" என்று கேட்டது, கூட்டங்களில் எப்போதும் வாய் திறக்காத ஒரு சக ஆசிரியர்.

மகள் சம்பந்தப்பட்டதால் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைவழிக்கு வந்தேன். எனக்குப் பின்னால் கதவு மூடியது. கண்ணாடி வழியாக அவர்கள் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரி வாழ்க்கையில் முதல் முறையாக நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். ஸ்டெல்லா அன்று எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை.

7

ஐந்து பேருக்கும் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. எத்தனை தவறியிருந்தாலும் அன்று ஒன்றைச் செய்துகொள்ளலாம், முழு மதிப்பெண் கிடையாது, யாழினியின் தாளை நான் தொடக் கூடாது, திருத்துவது அந்தச் சக ஆசிரியர். ஒரு பூஜ்யம் நீங்கினால் மூன்று இரண்டாகிவிடும். விஷயத்தை வீட்டில் சொன்னதும் யாழினி, "எனக்காக மாத்தினியா?" என்று கேட்டாள். "இல்லை. உனக்கு முன்னாடி வந்து நின்ன ஒருத்திக்காக" என்றேன். அன்று ஸ்டெல்லாவின் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என் மேல் சாய்ந்துகொண்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று நான் எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை அவள் பஸ்ஸில்தான் வந்தாள், என் காரில் இல்லை. எட்டு ஐம்பதுக்கே வந்து மூக்குச் சிவக்கக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். தவறிய ஐந்து பேரில் நான்கு பேர் வந்துவிட்டார்கள், குழந்தைக்காரப் பெண்ணை மட்டும் காணோம். குடுவைகளில் அளந்து ஊற்றி எண்களை ஒட்டினேன். ஒட்டிய தாள் கழன்று வருகிறதா என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்பது பத்தைக் காட்டியது. பதின்மூன்று வருஷப் பழக்கம், என் கால் தன் பாட்டுக்குக் கதவை நோக்கி நடந்தது, கையும் பிடியில் போய் உட்கார்ந்தது.

வெளியே நடைவழி காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு முக்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

"கதவ மூடலியாம்மா?" என்றாள் யாழினி, கையில் பியூரெட்டோடு.

பிள்ளையிடம் நான் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சு கலக்காமல்தான் பேசுவேன். அந்தப் பேச்சைக் கேட்டு இங்கே தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் சிரித்ததிலிருந்து அப்படி. அன்று அந்த நினைப்பு வரவில்லை.

"ஒரு பொண்ணு இன்னும் வரல" என்றேன். "பஸ்ல வந்துகினு கீறா."